சாயம் நிற்காத உடம்பு

மாஸ்டரின் மூத்திரப்பையை வெட்டி எடுத்துவிட்டு, அவருடைய குடலிலேயே ஒரு துண்டு எடுத்து, தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு சின்ன வாய் வைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டி, இருபது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்; அன்றைக்கு மத்தியானம் அவர் படுத்து எழுந்தபோது, கட்டியிருந்த நீலக் கட்டம் போட்ட லுங்கி வெள்ளையாகக் கிடந்தது, தலையணை உறையிலிருந்த ரோஜாப்பூவெல்லாம் காணாமல் போயிருந்தது, போர்வையில் அவர் உடம்பு பட்ட இடம் மட்டும் ஆள் உயரத்துக்கு வெளுத்திருந்தது. அவர் மனைவி துளசாமணியக்கா போர்வையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மருந்து வேகம்" என்று சொல்லித் துவைக்கப் போட்டது. மறுநாள் பச்சை லுங்கி கொடுத்தது. ஒரு மணி நேரத்தில் அதுவும் வெள்ளை.

மூன்றாம் நாள் ஊருக்குத் தெரிந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. வீட்டுக்கு வீடு சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஊரில், சாயம் பிடிக்காமல் போவதும் பிடித்த சாயம் இறங்கிப்போவதும் நாங்கள் தினமும் பார்க்கிற சங்கதி. துணிக்கு நடப்பது மனுஷனுக்கு நடக்கிறது, அவ்வளவுதான் என்று என் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேசி முடித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்கள்.

ரேஷன் கார்டில் அவர் பெயர் சென்னியப்பன். முப்பது வருஷம் ஒரே பட்டறையில் சாயம் கலக்கியவர் என்பதால் ஊருக்கு அவர் மாஸ்டர். ஈரத் துணியைப் பார்த்தே அது காய்ந்தால் எந்த நிறத்துக்கு வரும் என்று சொல்லிவிடுவார். பச்சையில் ஒரு சிட்டிகை மஞ்சள் கூடிப்போனால் தெருமுனையிலிருந்தே சத்தம் போடுவார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் செய்த தப்பை, எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

பட்டறையின் பின்சுவரில் வரிசையாக நின்று ஒன்றுக்குப் போகும்போது, "இன்னிக்கு உனக்கு என்ன லாட்டுடா?" என்று ஒருத்தனை ஒருத்தன் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். பட்டறையில் மஞ்சள் சாயத்து லாட் ஓடினால் மஞ்சளாகப் போகும், ஊதா ஓடினால் ஊதாவாகப் போகும், கை வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போன சாயம் அந்த வழியாக வெளியே வருகிறது, வந்துவிட்டால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு சிரித்தோம். மாஸ்டருக்குச் சிவப்பாக வந்தபோது பட்டறையில் மெரூன் ஓடிக்கொண்டிருந்தது. மெரூன் முடிந்து ஆலிவ் பச்சை வந்த பிறகும் சிவப்புத்தான் வந்தது. "பழைய சாயம், உள்ள தங்கிப் போச்சாட்ட இருக்குது" என்றார் மாஸ்டர். அப்படி ஒன்றரை வருஷம் சொன்னார். வலியே இல்லாததால் நாங்களும் நம்பினோம். கடைசியில் மூத்திரம் அடைத்துக்கொண்டு விழுந்தபோதுதான் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே ஒரு வயசான டாக்டர் குழாயில் வந்ததைக் காட்டி, "இது ரத்தம்னு தெரியலையா?" என்று கேட்டாராம். மாஸ்டர் அவமானத்தில் அழுதார் என்று அக்கா சொன்னது. வியாதிக்காக அழவில்லை, நிறம் தெரியாமல் போனதற்காக அழுதார்.

சாயம் நிற்காத உடம்போடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று ஊர் சீக்கிரமே கற்றுக்கொண்டது. கரை வேட்டிக் கட்சிக்காரர்கள் அவரைக் கண்டால் கையைத் தூக்கிக் கும்பிடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் அவருக்கென்று தனி நாற்காலி, அதன்மேல் வெள்ளைத் துண்டு. பட்டறை முதலாளி, நிறம் தப்பிப்போன துணிக் கட்டுகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கி, "மாஸ்டரு, சும்மாதான உக்காந்திருக்கறீங்க, இதும்மேல உக்காருங்க" என்றார். மாஸ்டரும் உட்கார்ந்து பேப்பர் படித்தார், சாயம் இறங்கியது. ஒருநாள் தண்ணீர் சோதிக்க அதிகாரி வருகிறார் என்று தெரிந்து, அவரைச் சாக்கடை ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் உட்காரவைத்தார்கள். கத்திரிப்பூ நிறத்தில் வந்த தண்ணீர் அவரைத் தாண்டியதும் கண்ணாடி மாதிரி ஓடியது. அதிகாரி எழுதிக்கொண்டு போனார். அதைக் குடித்த எருமை இரண்டு நாளில் செத்தது. நிறம்தான் போகிறது, விஷம் போகவில்லை என்று மாஸ்டருக்கு அன்றைக்கு உறைத்தது. அதன்பிறகு முதலாளி எவ்வளவு கூப்பிட்டும் அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் துளசாமணியக்காவுக்குத்தான். புருஷனுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தால் சேலை வெள்ளை, அவருக்குப் பை மாற்றிவிட்டு எழுந்தால் முந்தானை வெள்ளை, மஞ்சள் பூசிய தாலிக்கயிறு கூட வெள்ளை. எங்கள் பக்கம் வெள்ளைச் சேலை கட்டினால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எதிரே வந்த பெண்கள் திரும்பிப் போனார்கள், சீமந்தத்துக்குக் கூப்பிடுவது நின்றது. மாரியம்மன் கோயில் பூசாரி குங்குமத் தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கியபோது அக்கா கோயிலே கேட்கும்படி, "ஏனுங்க பூசாரி, மனுசன் ஊட்டுல உக்காந்து இட்லி தின்னுட்டு இருக்கறாரு. நான் வெள்ள கட்டறதே அவரு உசுரோட இருக்கறதுனாலதான். குடுங்க" என்றது. பூசாரி கொடுத்தார். அதற்குப் பிறகு ஊர் தன் அர்த்தத்தை மாற்றிக்கொண்டது. துளசாமணி வெள்ளையில் வந்தால் மாஸ்டர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதையாக முடிந்திருக்கும். நாச்சிமுத்து வந்து கெடுத்தான்.

நாச்சிமுத்து மாஸ்டரோடு சேர்ந்து வேலை செய்தவன், வாய் ஓயாதவன். ஒரு சாயங்காலம் என் கடை பெஞ்சில் மாஸ்டரை இடித்துக்கொண்டு உட்கார்ந்து நெடுநேரம் கதை பேசினான். எழுந்தபோது அவன் லுங்கி வெளுத்திருந்தது. எல்லோரும் சிரித்தோம். அப்புறம் மாஸ்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அந்த லுங்கியையே பார்த்தார். வெள்ளைக்கு நடுவில், முன்பக்கம், புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பாக ஒரு பொட்டு இருந்தது.

"நாச்சி, அதென்றா?"

"சாயமுங்க மாஸ்டரு. நேத்து மெரூன் ஓடுச்சல்ல."

"மெரூனா இருந்தா போயிருக்கோணும்."

அவர் உடம்புக்கு முன்னால் நிற்காதது சாயம், நின்றது வேறு. அது நாச்சிமுத்துவுக்கும் புரிந்தது. குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனவன், மாஸ்டர் நாலு தடவை வீட்டுக்கே போய்க் கெஞ்சியும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. பை வைத்துக்கொண்டு வாழமாட்டேன் என்றான். ஐப்பசி மழையில் செத்துப்போனான். சுடுகாட்டுக்குப் போய் வந்த மாஸ்டர் மூன்று நாள் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் நாச்சிமுத்துவின் பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனுடைய லுங்கி ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். புருஷனுக்குத் தெரியாமல், மார்க்கெட் பையில், கீரைக்கட்டுக்கு அடியில் மறைத்து எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பெண்கள் மாஸ்டர் வீட்டு வாசலில் நின்றார்கள். மாஸ்டர் ஒவ்வொரு லுங்கியாக மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அக்கா எல்லோருக்கும் மோர் கொடுத்தது. முழுசாக வெளுத்துவிட்டால் அந்தப் பெண் லுங்கியை முகத்தில் ஒற்றிக்கொண்டு போவாள். பொட்டு நின்றுவிட்டால் மறுபடி மடித்துக் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போவாள். ஒருநாள் என் பொண்டாட்டி என்னுடைய லுங்கியை எடுத்துக்கொண்டு போனாள். டீக்கடை வைப்பதற்கு முன்னால் நானும் ஒன்பது வருஷம் அதே பட்டறையில் துணி அலசியவன். எனக்கு நின்றது கடுகளவு.

மறுநாள் காலை ஆறேகால் பஸ்ஸில் மாஸ்டர் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாலம் தாண்டியதும் சட்டையைத் தூக்கிப் பையைக் காட்டினார். எல்லோருக்கும் அந்த இடத்தில்தான் காட்டுவார், இதே வார்த்தைகளைத்தான் சொல்லுவார்.

"ஏந்தம்பி, நல்லாப் பாத்துக்கோ. ஆகக் கடைசின்னா இதுதான். இத வெச்சுட்டு நான் பஸ்ஸுல நிக்கறேன், பந்தியில உக்காந்து திங்கறேன், கெணத்துல குதிக்கறேன். உனக்கு இது இல்லாமயே தீந்தாலும் தீரும். பயப்படாத, நான் கூடவே இருக்கறேன்."

எனக்கு அது இல்லாமல்தான் தீர்ந்தது. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள், வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரம் மருந்து விட்டார்கள், எரிச்சலில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தும்போதெல்லாம் மாஸ்டர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பழைய சினிமாக் கதை சொன்னார். பை வைக்க வேண்டி வந்தவர்களுக்கு அக்கா துணைக்குப் போகும். பையை வயிற்றோடு ஒட்டும் வட்டத்தில் எவ்வளவு ஓட்டை வெட்ட வேண்டும், பெரிதாகிவிட்டால் தோல் எப்படி வெந்துபோகும், சிறிதானால் எப்படி இறுக்கும் என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்து அவர்களுடைய பெண்டாட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும். மாஸ்டர் பையோடு கிணற்றில் குதித்து நீந்திக் காட்டுவார். ஆனால் அந்தப் பையை அவர் அதுவரை தன் கையால் ஒருநாளும் மாற்றியதில்லை. சாயம் கலக்கிக் கலக்கி விரல் நடுங்குகிறது என்பார். ஆபரேஷன் முடிந்து ஏறக்குறைய ஆறு வருஷம் அக்காதான் வெட்டியது, அக்காதான் ஒட்டியது.

பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். நாலு பேர் திரும்பி வந்து செத்தார்கள். ஏழு பேர் பிழைத்ததை மறந்துவிட்டு, செத்த நாலு பேரையே ஊர் நினைத்துக்கொண்டது; ஊர் என்றைக்கும் அப்படித்தான். மாஸ்டர் எதிரே வந்தால் ஆம்பிளைகள் சந்தில் திரும்பினார்கள். என் கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நின்றுகொண்டே டீ குடித்தார்கள். பொட்டு விழுந்தாலும் தெரியாமலிருக்கக் கருப்பு லுங்கி கட்டுவது அதிகமாயிற்று. அவர் பாட்டுக்குத் தனியாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். எனக்கு அவரை அப்படிப் பார்க்கப் பொறுக்காது.

இந்தச் சமயத்தில்தான், ஆடி மாசம் கழிந்து, துளசாமணியக்கா நிறத்தோடு வெளியே வந்தது. முதலில் ஒரு செங்கல் நிறச் சேலை, அப்புறம் அரக்கு, அப்புறம் மாம்பழ மஞ்சள். காலையில் கட்டியது சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாஸ்டருக்குச் சாபம் நீங்கிவிட்டது என்றார்கள் சிலர். நீங்கவில்லை, அவர் லுங்கி வெள்ளைதான். வயசாயிற்று, தனியாகப் படுக்கிறாள், அதுதான் என்றார்கள் மற்றவர்கள். மாஸ்டரே என்னிடம், "ஆறு வருசமா வெள்ள கட்டிச் சலிச்சுப் போச்சு பாவம், இருக்கட்டும்" என்றார். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் யாருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை என்பதை இப்போது சொல்லும்போதே நாக்கு கூசுகிறது.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம், என் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே மாஸ்டரின் பை ஒழுகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. துண்டைச் சுற்றி அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் அவர் மெதுவாக, "இப்பெல்லாம் அவ ஒட்டறதில்ல தம்பி. வெட்டி, அக்கட்டால எட்ட நின்னே நீட்டறா. நாந்தான் ஒட்டிக்கறேன். இடுப்பு புடிச்சுக்குச்சாம்" என்றார். சொல்லிவிட்டு நாலடி நடந்தவர் நின்றார். அந்த முகத்தை நான் முன்னால் ஒருதரம் பார்த்திருக்கிறேன், நாச்சிமுத்துவின் லுங்கியைப் பார்த்தபோது.

வீட்டில் அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. கொல்லையில் கொடியில் நாலைந்து உள்பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன, எல்லாம் அடர் மெரூன். மாஸ்டர் ஒழுகிய பையைக்கூட மாற்றாமல், ஒரு பாவாடையை உருவி மடியில் போட்டுக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அக்கா கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாகப் பதினாலு வருஷம் அதே பட்டறையில் ஈரத்துணி பிழிந்து உலர்த்தியது. அது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. சோதிக்க வந்தது பூராவும் லுங்கிதான். ஒரு சேலையை, ஒரு பாவாடையை அவர் மடியில் போட்டுப் பார்க்க எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

வெயில் சுவரிலிருந்து இறங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். மெரூன் போயிற்று, ரோஸ் ஆயிற்று, வெள்ளை ஆயிற்று. துவைத்தும் போகாத பழைய பொட்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒன்றிரண்டு இல்லை. நான் எண்ணவில்லை.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரமாக நின்றதோ தெரியாது.

"எப்ப இருந்து அம்மணி?" என்றார் மாஸ்டர்.

"ஆடி நோம்பிக்கு முன்னால இருந்துங்க."

"என்றகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"என்னன்னு சொல்றதுங்க? பதினோரு பேரக் கூட்டிட்டுப் போனீங்க. ஒவ்வொருத்தரு சாகறப்பயும் நீங்க சோறு திங்காம கெடந்தத நாந்தான பாத்தேன்."

மாஸ்டர் எழுந்து அக்காவின் பக்கத்தில் போனார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, பழக்கத்தில், சட்டையைத் தூக்கினார். "நல்லாப் பாத்துக்கோ. ஆகக் கடைசின்னா…" என்று ஆரம்பித்தவர் சட்டையைப் பிடித்தபடியே நின்றார். ஒழுகிய பை, சிவந்துபோன தோல், எல்லாவற்றையும் அக்கா பார்த்தது. அக்காவுக்குத் தெரியாதது அதில் என்ன இருக்கிறது? முந்தானையை எடுத்து அந்த ஈரத்தைத் துடைத்தது. முந்தானை வெளுத்தது.

"இதுக்கெல்லாம் நான் பயப்படறதில்லைங்க. உங்களுக்கு வெட்டறதுக்கு நான் இருந்தேன். எனக்கு யாருங்க வெட்டுவா?" என்று கேட்டுவிட்டு, அப்போதுதான் அழுதது.

அந்த அழுகையை நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நான் அங்கேதான் நின்றேன்.

அடுத்த நாலு நாளும் மாஸ்டர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் அட்டையில் வட்டம் வெட்டினார். கை நடுங்கியது, கோணலாக வந்தது, தூக்கிப் போட்டார். மறுபடி வெட்டினார், மறுபடி தூக்கிப் போட்டார். பெஞ்சுக்கு அடியில் வாய் கோணிய ஓட்டைகளோடு அட்டைகள் குவிந்தன. கருப்பு லுங்கிக்காரர்கள் நின்றபடியே பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தன் வந்து அட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான், ஆடாமல் இருப்பதற்காக. பிடிப்பதற்கு அவன் அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் ஆறேகால் பஸ்ஸில் நானும் ஏறினேன், எனக்கும் அன்றைக்கு உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிற முறை. மாஸ்டர் வலப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அக்கா மாம்பழ மஞ்சள் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தது. பெண்கள் சீட் காலியாகத்தான் இருந்தது, கண்டக்டரும் அதைத்தான் காட்டினார். அக்கா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, மாஸ்டரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் சாய்ந்துகொண்டது.

"சேல போயிருமல்ல அம்மணி" என்றார் அவர்.

"போகட்டுமுங்க."

தோள்பட்டையிலிருந்து தொடங்கி அந்த மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. பாலம் வந்தது, பாலம் போயிற்று. மாஸ்டர் சட்டையைத் தூக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலு அட்டை வட்டங்களை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தது.

"பெருசாயிருக்குதுங்க. தோலு வெந்து போகும்."

"சரி" என்று மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தார். "அட்டையப் புடி. இன்னொண்ணு வெட்டறேன்."